பாடம் 7: வீட்டுக்கு விலை சொல்லி ஒருவர் வந்தால்

இந்தப் பாடத்தின் நோக்கம்: மீள்குடியேறிய குடும்பமொன்று தன் வீட்டையோ காணியையோ வாங்க ஒருவர் விலை சொல்லும்போது அதை ஏற்பதா, கூட்டிக் கேட்பதா, மறுப்பதா என்பதை அவசரப்படாமல் தீர்மானிக்க உதவுதல். விற்க வேண்டாம் என்று சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. விற்றபின் வருந்தாமல் இருப்பதற்காக எழுதப்பட்டது.

ஒரு குடும்பத்தின் நிலை

எங்கள் கூட்டங்களில் கேட்கும் பல அனுபவங்களைச் சேர்த்து, ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் அம்மா. வயது 56. கணவர் 2009இல் காணாமற்போனார். மூன்று பரப்புக் காணியும் வீடும் கிணறும் அவருக்குத் தாய் வழியாகச் சீதனமாக வந்தவை. வீட்டைத் திருத்த வங்கியில் எடுத்த கடனில் 6 இலட்சம் ரூபா பாக்கி உண்டு. நகை அடகில் இன்னும் 2 இலட்சம். மகன் வெளிநாடு போக 20 இலட்சம் வேண்டும் என்கிறான்.

ஒருநாள் தரகர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். “அம்மா, வெளிநாட்டிலை இருக்கிற ஒருத்தர் 45 இலட்சம் தாறன் எண்டு நிக்கிறார். இந்தக் கிழமைக்குள்ளை சொல்லவேணும். இல்லாட்டி வேறை இடம் பாத்திடுவார்.”

அந்த அம்மா என்ன செய்ய வேண்டும்?

படி 1: அன்றே பதில் சொல்லாதீர்கள்

“பிள்ளையளோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. உண்மையாக வாங்க விரும்புகிறவர் இரண்டு கிழமை பொறுப்பார். “இன்றைக்கே” என்று நெருக்குகிறவரிடம் ஏன் அவசரம் என்று கேளுங்கள். முற்பணமாக ஒரு தொகையைக் கையில் திணித்தாலும் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால் “சொல் கொடுத்துவிட்டீர்கள்” என்ற பேச்சு ஊரில் எழும்; பிறகு மறுப்பது கடினம். அசல் உறுதியைப் பார்ப்பதற்கென்றாலும் கொடுத்தனுப்பக் கூடாது. நிழற்பிரதி போதும்.

படி 2: விற்கும் உரிமை உங்களிடம் முழுதாக உண்டா?

விலையைப் பற்றி யோசிக்க முன்னர் இதைப் பார்க்க வேண்டும்.

உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால்: நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற விண்ணப்பிக்கலாம். உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் குறித்துக்கொண்டு போங்கள். காணியின் பதிவேட்டையும் பார்வையிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஈடோ கைமாற்றமோ பதியப்பட்டிருந்தால் அதில் தெரியும்.

பொமிட் அல்லது அளிப்புப் பத்திரக் காணி எனில்: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை, உறுதிக் காணியைப்போல நினைத்தபடி விற்க முடியாது. அனுமதியின்றிச் செய்யும் கைமாற்றம் சட்டப்படி செல்லாது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் இத்தகைய காணிகள் நிறைய உள்ளன. வெள்ளைத் தாளில் எழுதிப் பொமிட்டைக் கைமாற்றினால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வில்லங்கம்தான். முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரியுங்கள்.

பிரிக்கப்படாத பங்குக் காணி எனில்: உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் விற்கலாம். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களின் காணியில் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் வழக்கு வரலாம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களும் பங்காளிகளே.

மணமான பெண்ணின் காணி எனில்: தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தையும் கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க முடியாது. கணவர் காணாமற்போயிருந்தாலோ பிரிந்துபோயிருந்தாலோ, அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ள அம்மாவின் நிலை இதுவே. ஆகவே “இந்தக் கிழமைக்குள்” அவரால் விற்கவே முடியாது. தரகருக்கு இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பங்கள், 2016இல் நிறைவேறிய சட்டத்தின்படி காணப்படாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். காணி விற்பனைக்கு அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைச் சட்ட ஆலோசகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உதவித் திட்டத்தில் கட்டிய வீடு எனில்: நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் விற்பனை பற்றிய நிபந்தனை உள்ளதா என்று பாருங்கள்.

படி 3: சொன்ன விலை நியாயமானதா?

தரகர் சொல்லும் விலையைத் தரகரிடமே விசாரிப்பதில் பயனில்லை. அயலில் கடந்த ஓர் ஆண்டுக்குள் விற்ற இரண்டு மூன்று காணிகளைக் கண்டறியுங்கள். ஒரு பரப்பு என்ன விலைக்குப் போனது என்று விற்றவரிடமும் வாங்கியவரிடமும் கேளுங்கள். பின் உங்கள் காணியோடு ஒப்பிடுங்கள்:

– தெருவில் முகப்பு உண்டா, ஒழுங்கையால் போக வேண்டுமா? ஒழுங்கை எத்தனை அடி?
– கிணற்றுத் தண்ணீர் நன்னீரா, உவரா? கோடையில் வற்றுமா?
– மாரியில் வெள்ளம் நிற்குமா?
– எல்லை தெளிவாக உள்ளதா? நில அளவைப் படம் உண்டா?
– பயன்தரும் தென்னை, பனை, மா, பலா எத்தனை?

காணிக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை என்று தனித்தனியாகக் கணக்கிடுங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் “பழைய வீடுதானே, இடிக்கத்தான் வேணும்” என்பார். அவருக்கு அது இடிபாடு. உங்களுக்கு அது கூரையுள்ள வீடு. அதே அளவு வீட்டை இன்றைய சீமெந்து, கம்பி, மேசன் கூலி விலையில் கட்ட என்ன செலவாகும் என்று ஒரு மேசனிடம் கேட்டால் அதன் பெறுமதி விளங்கும்.

படி 4: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

சொல்லப்படும் விலை பெரிதாகத் தெரியும். பார்க்க வேண்டியது மிஞ்சும் தொகை. அந்த அம்மாவின் கணக்கு இது:

சொன்ன விலை: 45 இலட்சம்
வங்கிக் கடன்: 6 இலட்சம்
நகை மீட்க: 2 இலட்சம்
தரகர் கூலி: 1 இலட்சம்
நில அளவை, வழக்குச் செலவு, எழுத்துக் கூலி: 50,000
மிஞ்சுவது: 35 இலட்சத்து 50,000
மகனின் பயணத்துக்கு: 20 இலட்சம்
இறுதியில் மிஞ்சுவது: 15 இலட்சத்து 50,000

இந்த 15½ இலட்சத்துக்கு அதே ஊரில் காணி வாங்கி வீடு கட்ட முடியாது. வாடகைக்குப் போனால், மாதம் 15,000 ரூபா வீதம் ஆண்டுக்கு 1 இலட்சத்து 80,000. வாடகை கூடாது என்று வைத்துக்கொண்டாலும், சாப்பாட்டுக்கு அதில் ஒரு சதமும் தொடாவிட்டாலும், பணம் எட்டரை ஆண்டில் தீர்ந்துவிடும். அப்போது அம்மாவுக்கு 64 வயது தாண்டியிருக்கும். வீடும் இராது, பணமும் இராது. மகனின் பயணம் இடைவழியில் தடைப்பட்டால் போட்ட பணமும் திரும்பாது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். வாய்ச் சண்டையில் தீராத பல விடயங்கள் தாளில் எழுதினால் தீரும்.

படி 5: வேறு வழி உண்டா?

பணத் தேவை உண்மையானது. அதற்கு முழு வீட்டையும் விற்பது ஒரு வழி மட்டுமே. காணியில் ஒரு பகுதியை மட்டும் விற்கலாம். அப்படியானால் நில அளவையாளர் பிரித்து அளந்த படமும் பிரதேச சபையின் அங்கீகாரமும் தேவை. பின்காணியை விற்றால் அதற்குப் பாதை விட வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். வீட்டின் ஒரு பக்கத்தை வாடகைக்குக் கொடுக்கலாம். தோட்டக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். வங்கியில் கடன் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை: கடன் தருகிறவர் “ஈட்டுக்குப் பதிலாக ஓர் உறுதி எழுதித் தாருங்கள், காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்” என்றால் கையொப்பமிடாதீர்கள். அது அறுதி உறுதியாக இருந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் வீட்டை விற்றுவிட்டீர்கள். நிபந்தனையோடு எழுதினாலும், குறித்த காலத்துக்குள் பணத்தைக் கட்டத் தவறினால் காணி கைவிட்டுப் போகலாம்.

விற்பது சரியாக அமையும் சந்தர்ப்பங்களும் உண்டு. குடும்பம் வேறு மாவட்டத்தில் நிலையாக வேரூன்றிவிட்டது. அங்கு சொந்த வீடு உண்டு. ஊரிலுள்ள வீடு கூரையின்றிப் பற்றை வளர்ந்து கிடக்கிறது. காணியைப் பார்க்க ஆளில்லை. பங்காளிகள் எல்லாரும் சம்மதம். அயல் விலைக்குக் குறையாத விலை. இந்த நிலையில் விற்பது பிழையல்ல. முதுசத்தை விற்றோம் என்று குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை.

படி 6: சம்மதித்தால் எழுத்தும் பணமும்

காணி விற்பனையும், விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதிக் கையொப்பமிட்டால் மட்டுமே செல்லும். வாய்ப்பேச்சும் முத்திரை ஒட்டிய தாளும் போதாது.

– வாங்குகிறவரின் நொத்தாரிசு எழுதினாலும், கையொப்பமிட முன்னர் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். உறுதி உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் முழுவதும் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.
– வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையொப்பமிடாதீர்கள்.
– முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் குறைந்த விலை போடச் சம்மதிக்காதீர்கள். பிணக்கு வந்தால் மிச்சப் பணத்தைக் கேட்க உங்களிடம் சான்று இராது.
– “பாதி இப்ப, மிச்சம் பிறகு” என்றால், மிச்சமும் கிடைக்கும் வரை அறுதி உறுதியில் கையொப்பமிட வேண்டாம். காசோலை தந்தால், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டதை வங்கியில் உறுதிப்படுத்துங்கள்.
– வாங்குகிறவர் வெளிநாட்டில் இருந்தால், அவருக்காகக் கையொப்பமிடுகிறவரின் அற்றோணித் தத்துவப் பத்திரத்தை நொத்தாரிசு பரிசோதிக்க வேண்டும்.
– வீட்டை விட்டு வெளியேறும் நாளையும் எழுத்தில் சேருங்கள். போக இடம் ஆயத்தமாக முன் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மாவின் பதில்

நம் எடுத்துக்காட்டு அம்மா இரண்டு கிழமை எடுத்துக்கொண்டார். அயலில் விசாரித்தபோது காணி மட்டும் பரப்பு 13 இலட்சத்துக்குப் போயிருந்தது. அந்தக் கணக்கில் மூன்று பரப்புக்கே 39 இலட்சம். வீட்டுக்கும் கிணற்றுக்கும் சேர்த்துத் தரகர் சொன்னது 6 இலட்சம் மட்டுமே. மகனோடு இருந்து தாளில் கணக்குப் பார்த்தார். மகன் முதலில் கோபித்தான். “எட்டரை வருசம்” என்ற இடத்துக்கு வந்ததும் பேசாமல் இருந்தான்.

தரகருக்கு அவர் சொன்ன பதில் இது: “தம்பி, வீடு விக்கிறதுக்கு இல்லை. பின்பக்கத்திலை ஒரு பரப்புக் குடுக்கலாம். அதுக்கும் கோட்டிலை அனுமதி எடுக்கவேணும். பொறுக்க ஏலுமெண்டா வரச்சொல்லுங்கோ.”

ஒரு பரப்பின் விலையில் இரண்டு கடனும் தீரும். வாங்குகிறவர் வராவிட்டாலும் வீடு இருக்கும். மகனின் பயணத்துக்கு இதில் விடை இல்லை. அதைத் தாயும் மகனும் இன்னும் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் இனி அந்தப் பேச்சை அவர்கள் தங்கள் சொந்தக் கூரையின் கீழ் இருந்து பேசலாம்.

உதவி பெற

சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை வழங்குகிறது. காணி வகையை அறியப் பிரதேச செயலகத்தையும், உறுதி விபரங்களுக்குக் காணிப் பதிவகத்தையும் நாடுங்கள். உங்கள் கிராம அலுவலரிடம் வழி கேட்கலாம். போகும்போது அடையாள அட்டை, உறுதி அல்லது பொமிட்டின் பிரதி, திருமணச் சான்றிதழ், கடன் பத்திரங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் காணி எந்த வகை? அதற்கான பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது?
2. உங்கள் காணியை விற்பதானால் யார் யாருடைய சம்மதம் தேவை?
3. ஒருவர் நாளை விலை சொல்லி வந்தால், கடனும் செலவும் போக உங்கள் கையில் மிஞ்சுவது எவ்வளவு? அந்தப் பணத்தோடு அடுத்த நாள் இரவு எங்கே படுப்பீர்கள்?