சாப்பிடும் முன் தண்ணீர், சாப்பிட்ட பின் சவர்க்காரமா?

பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஒரு வாழையிலை உணவகத்தில், மதிய வேளையில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? சாப்பிட வருகிறவர்களில் பலர் குழாயைத் திறந்து விரல்களை நனைத்துவிட்டு இலைக்கு முன் அமர்ந்துவிடுவார்கள். சவர்க்காரத்தைத் தொடுவதில்லை. சாப்பிட்டு எழுந்து வரும்போதோ, அதே ஆள்கள் நுரை பொங்கத் தேய்த்துக் கழுவி, கையை முகர்ந்தும் பார்ப்பார்கள். மீன் குழம்பு வாடை போக வேண்டுமே!

நோயைத் தடுக்க வேண்டுமென்றால் இது தலைகீழ். எல்.ஆர்.டி. கைப்பிடி, பணத்தாள், கைப்பேசி எல்லாம் தொட்ட கை, சாப்பிடும் முன்புதான் சவர்க்காரத்தைத் தேடிப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கையும் மூக்குக்குத் தெரிகிற வாடையையும் கழுவுகிறோம், தெரியாததை விட்டுவிடுகிறோம்.

சரி, தண்ணீர் ஏன் போதாது? சவர்க்கார மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு நீண்ட வால் உண்டு. தலை நீரை நாடும். வால் நீரை விட்டு விலகி எண்ணெயை நாடும். நம் தோலின் மேல் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. வெறும் தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடிவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் வால்கள் எண்ணெய்க்குள் புகுந்துகொள்ளும், தலைகள் வெளியே நீர்ப்பக்கம் நிற்கும். எண்ணெய்ப் படலம் சின்னஞ்சிறு உருண்டைகளாகப் பிரிந்து, கிருமிகளோடு நீரில் போய்விடும். 20 விநாடி தேய்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கோவிட்-19 வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது. அதனால் சவர்க்காரம் அதை உடைத்தே விடுகிறது. ஆனால் கை, கால், வாய்ப்புண் நோயைத் தரும் என்டெரோவைரஸ் 71, காக்சாக்கி வைரஸ் ஆகியவற்றுக்கு அந்தக் கொழுப்புறை கிடையாது. மதுசாரக் கைத்தூய்மி இவற்றின் மேல் அவ்வளவாக வேலை செய்யாது. தேய்த்து, நீரால் அலசி அகற்றுவதே நல்ல வழி. இது சாதாரண விஷயமல்ல. 1997இல் சரவாக்கில் பரவிய என்டெரோவைரஸ் 71 பல குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2018இலும் 2022இலும் இந்நோய் நாடு முழுவதும் பரவியபோது, அதிகமானோர் பாதிக்கப்பட்டது நம் சிலாங்கூரில்தான். பாலர்பள்ளிக்குப் போகும் தம்பி தங்கை உள்ளவர்கள், பையில் கைத்தூய்மி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம்: சமையல் எண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து இரு கைகளிலும் பூசுங்கள். முதலில் தண்ணீரில் மட்டும் கழுவி, வெள்ளைத் தாளில் துடையுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். கட்டிச் சவர்க்காரமாக இருந்தால் மஞ்சள் செந்நிறமாக மாறக்கூடும். பயப்பட வேண்டாம். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவையும் சுவரொட்டியில் அச்சிட்டு ஒட்டினால் நாடே கைகழுவிவிடுமா? அங்கேதான் சிக்கல். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 2003வாக்கில் ஒரு தேசிய இயக்கம் தொடங்கியது. கழிவறைக்குப் போய்வந்ததும் சவர்க்காரத்தால் கழுவுவதாகத் தாய்மார்களில் 75 விழுக்காட்டினர் சொன்னார்கள். நேரில் கவனித்தபோது 100க்கு 5 பேர்கூட அப்படிக் கழுவவில்லை! அதனால் அங்கே கிருமிப் பாடம் நடத்தவில்லை. கழிவறையிலிருந்து வரும் தாயின் கையில் ஊதாநிறக் கறை, அது அப்படியே பிள்ளையின் சாப்பாட்டில் ஒட்டுவதுபோல் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைத்துவிட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டக் கிராமங்களில் நடந்தது. 'சூப்பர் அம்மா' என்ற அன்பான தாயும், கையே கழுவாமல் இனிப்பு பிடிக்கும் 'லட்டு லிங்கம்' என்ற அருவருப்பான ஆளும் வரும் நாடகம் போட்டார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதம் கழித்து அந்தக் கிராமங்களில் தேவையான வேளைகளில் 37 விழுக்காடு சவர்க்காரத்தோடு கைகழுவினர். நாடகம் போகாத கிராமங்களில் 6 விழுக்காடுதான். 37 என்பதே வெற்றி என்றால், இந்தப் பழக்கத்தை உண்டாக்குவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

மனம் மாறினாலும் குழாயில் தண்ணீர் வர வேண்டும். 2020இல் கைகழுவுங்கள், முகக்கவரி அணியுங்கள் என்று சுகாதார அமைச்சு தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ரவாங் அருகே சுங்கை கோங் ஆறு மாசுபட்டதால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூர், கிள்ளான், பெட்டாலிங் என ஏறத்தாழ 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. இதுபோன்ற நாள்களுக்கு ஒரு வழி உண்டு. புட்டியில் சவர்க்காரத் துண்டைக் கரைத்து, மூடியில் சிறு துளை போட்டு வையுங்கள். தேய்க்கும்போது நீர் தேவையில்லை. நனைக்கவும் அலசவும் ஒரு குவளை போதும், இன்னொருவர் ஊற்றினால்.

இனி உங்கள் பள்ளிக்கான ஆய்வு. அறிவியல் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக் குழாயருகே நின்று எண்ணுங்கள்: கழுவாதவர், தண்ணீரில் மட்டும் கழுவியவர், சவர்க்காரத்தால் கழுவியவர். பெயர் எழுத வேண்டாம். மறுவாரம் வலைப்பையில் ஒரு கட்டிச் சவர்க்காரத்தைக் குழாயிலேயே தொங்கவிட்டு மீண்டும் எண்ணுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் நன்றாகக் கழுவுவார்கள். குறிப்பேட்டை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத்தை முதல் நாளும், வாரக் கடைசியில் நன்றாகக் காயவிட்ட பிறகும் அறிவியல்கூடத் தராசில் எடை போட மறந்துவிடாதீர்கள்.