விலையைக் குறைக்குமுன் ஒரு கணக்கு



விலையைக் குறைத்தால் சரக்கு அதிகம் போகும். இது நாம் அறிந்த பொருளாதாரம். லாபமும் கூடுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கணினியில் உள்ள 'ஸ்பிரெட்ஷீட்' நல்ல ஆசிரியர்.

இது பிறந்ததே வணிக வகுப்பில்தான். ஒரு எண் மாறினால் கரும்பலகையில் மற்றவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்ட ஹார்வர்டு மாணவர் டான் பிரிக்லின், நண்பர் பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979இல் 'விசிகால்க்' கொண்டுவந்தார். தமிழக அரசின் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலும் 2018இல் 'ஓப்பன் ஆபீஸ் கால்க்' இடம்பெற்றது. எனவே சொல்லிக்கொடுக்க வீட்டுப் பிள்ளைகளே போதும்.

ஓர் அரிசிக் கடையை உதாரணமாகக் கொள்வோம். 'பி' பத்தியில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்:

பி1: லாரி வாடகை, கூலி உட்பட மூட்டையின் அடக்க விலை ரூ.1,400
பி2: விற்பனை விலை ரூ.1,500
பி3: மாத விற்பனை 300 மூட்டை
பி4: வாடகை, சம்பளம், மின்சாரம் ரூ.20,000
பி5: =(பி2-பி1)*பி3-பி4

கடைசி வரியை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். மிச்சம் ரூ.10,000 என்று வரும். சொந்தக் கட்டிடமானாலும் வாடகையை எழுதுங்கள். வெளியே விட்டிருந்தால் வந்திருக்கும் பணம் அது. இதையே 'வாய்ப்புச் செலவு' என்பர்.

இப்போது விலையை 1,450 ஆக்கி, விற்பனையை 400 ஆக்குங்கள். நூறு மூட்டை கூடுதலாக விற்றும் மிச்சம் பூஜ்யம்! பழைய மிச்சம் வர 600 மூட்டை விற்க வேண்டும்.

விலை குறைந்தது என்பதற்காக யாரும் இருமடங்கு சோறு உண்பதில்லை. விலை மாறினாலும் தேவை அதிகம் மாறாத சரக்கு இது. கூடுதல் விற்பனை பக்கத்துக் கடையிலிருந்துதான் வர வேண்டும். அவரும் விலையைக் குறைத்தால் இருவருக்கும் நஷ்டம். மூன்று மாநிலச் சாலைகள் கூடும் நம் கூடலூரில் விலைச் செய்தி பரவ அரை நாள் போதும்.

மறுபடி 1,500, 300 என்று வைத்து, அடக்க விலையை மட்டும் 1,420 ஆக்குங்கள். மூட்டைக்கு ரூ.20 வாடகை ஏறியதற்கே மிச்சம் ரூ.4,000 ஆகச் சுருங்கும்.

இவை பாடத்துக்கான எண்கள். உங்கள் பேரேட்டு எண்களைப் போட்டுப் பார்த்த பிறகு விலைப் பலகையை மாற்றுங்கள்.