ஆங்கிலப் பண்புச்சொல்லும் அதனையடுத்த இடைச்சொல்லும்

சென்ற ஆண்டில் விடுதி நண்பர் ஒருவரது நூல் காணாமற் போயிற்று. அவருக்கு ஆறுதலாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரைந்தேன். ‘கன்ஸர்ண்ட்’ என்னும் பண்புச்சொல்லின்பின் ‘அபௌட்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘இன்’ என்று எழுதிவிட்டேன். ‘அவ்விழப்பைக் குறித்துக் கவலையுறுகின்றேன்’ என்பது என் கருத்து. ‘அவ்விழப்பில் எனக்கும் பங்குண்டு’ என்பதே கடிதம் தந்த பொருள்! நண்பர் அதனை என்னிடமே நீட்டி, “அப்படியாயின் நூலைக் கொடுத்துவிடும்” என்றார். அன்று தொடங்கியதே இவ்வாராய்ச்சி.

தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின்னே ஒட்டி நிற்கும். ஆங்கிலத்திலோ அத்தொழில் செய்யும் இடைச்சொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். ஆயினும், பண்புச்சொல் வருமிடத்து, இன்ன இடைச்சொல் வேண்டுமென்று பெரும்பாலும் வரையறுப்பது அப்பண்புச்சொல்லேயாம். இதனை மறந்து தமிழுருபை அப்படியே பெயர்த்தெழுதுவதால் நம்மனோர் இடறுகின்றனர். ‘கணக்கில் வல்லவன்’ என்பதை மனத்திற்கொண்டு ‘குட் இன்’ என்கிறோம்; திறமையைக் கூறுங்கால் ‘குட் அட்’ என்பதே வழக்கு. ‘குட் டு’ எனின் ஒருவர்மாட்டு அன்புடைமையும், ‘குட் ஃபார்’ எனின் நன்மை பயத்தலும் பெறப்படும். ‘என்னைவிட மூத்தவர்’ என்னும் நினைவினால் ‘ஸீனியர்’ என்பதன்பின் ஒப்புமை குறிக்கும் ‘தேன்’ என்பதை எழுதுவாரும் உளர். ஸீனியர், ஜூனியர், ஸுபீரியர், இன்பீரியர் என்பன இலத்தீனிலிருந்தே ஒப்புப்பொருளோடு வந்தவை. அவற்றின்பின் ‘டு’ வருதலே மரபு.

அச்சச்சொல் இன்னும் சுவையுடையது. அஃது ஐந்தாம் வேற்றுமையோடும் இரண்டாம் வேற்றுமையோடும் பொருள் மாறாது வருமெனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் உரைத்தார். புலியின் அஞ்சினான், புலியை அஞ்சினான் என இரண்டும் ஒக்கும். இக்காலத்தார் ‘புலிக்கு அஞ்சினான்’ என்பர். அந்நான்காம் உருபை நம்பி ‘அப்ரெய்ட் ஃபார்’ என்று எழுதினாலோ, புலிக்கு என்ன தீங்கு நேருமோ என்று அவன் அஞ்சியதாகப் பொருள்படும். ‘அப்ரெய்ட் ஆஃப்’ என்றாலன்றி அவன் புலியைக் கண்டு நடுங்கியதாக ஆங்கிலேயர் கொள்ளார்.

ஆங்கிலேயர்க்குள்ளும் இவ்விஷயத்தில் வழக்காடல் உண்டு. ‘டிபரெண்ட்’ என்பதன்பின் ‘பிரம்’ வருதல் நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளோடு இயைவது. இங்கிலாந்தில் ‘டு’ என்பாரும் அமெரிக்காவில் ‘தேன்’ என்பாரும் உளர். ‘பிரம்’ ஒன்றே சரியென்பது வெறும் மூடநம்பிக்கை என்று பவுலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்ககராதியில் கூறினார். எனினும் தேர்வெழுதும் மாணவர் ‘பிரம்’ என்றே எழுதுக. அதனைக் குறைகூறுவார் இலர்.

அகராதியிற் பண்புச்சொல்லைக் காணும்போதே அதன் இடைச்சொல்லையும் ஒரு சிறு வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளல் நன்று. என் குறிப்பேட்டில் ‘கன்ஸர்ண்ட்’ மூன்று வரிகளைப் பெற்றுள்ளது: ‘அபௌட்’, கவலை, ‘வித்’, தொடர்பு, ‘இன்’, பங்கு.