வாளாசிரியர் காட்டிய ஒழுக்கம்

நாயன்மார் அறுபத்துமூவருள் வாட்பயிற்சி கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர் ஏனாதிநாத நாயனார். கற்பித்தற்றொழில் பூண்ட சைவ ஆசிரியர்கள் அவர் சரித்திரத்தை ஊன்றி ஆராய்தல் தகும்.

12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் அருளிய பெரியபுராணம் கூறுமாறு: சோழநாட்டு எயினனூரிலே அரசர்க்கு வாள்வித்தை பயிற்றிய நாயனார், அதனால் வந்த ஊதியத்தைச் சிவனடியார்க்கே ஆக்கினார். திருநீறு அணிந்தாரை வணங்குதல் அவர் விரதம். தாயத்தானும் அத்தொழிலினனுமாகிய அதிசூரன் தன் வருவாய் குறைதல் கண்டு பொறாமை கொண்டான். படைதிரட்டி வந்து பொருது, தோற்றோடினான். பின்னர், இருவரும் தனித்துப் பொருவோம் என்றழைத்து, முன் ஒருநாளும் நீறு அணியாத அவன் நெற்றியிலே நீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்தான். நாயனார் அவனை வெட்டப் புகுஞ் சமயத்திலே கேடகத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட நாயனார் கை ஓங்காது நின்றார். வாளையுங் கேடகத்தையும் எறிந்துவிட நினைந்தவர், படையில்லாதாரைக் கொன்ற பழி அவனைச் சாருமே என்று அஞ்சி, அவற்றை ஏந்தியவாறே எதிர்ப்பார்போல நின்று உயிர்நீத்தார்.

வஞ்சகன் பூசிய நீறு வேடமன்றோ, அதற்கு உயிர்கொடுத்தல் பேதைமையன்றோ என மாணாக்கர் வினவுவர். அவ்வினாவை அடக்கற்க. முதற்போரிலே அப்பகைவனையே தயங்காது வென்றாராதலின், இஃது அச்சமன்று. எதிரி வஞ்சகனாயினான் என்று கைவிடப்படும் விரதம் விரதமாகாது. வெற்றி கைக்கெட்டிய கணத்திலும் கை விரதத்துக்கு அடங்கி நின்றதே அவர் கற்ற கல்வியின் நிறைவு. எதிரிக்குப் பழி சேராமற் காத்தது அதனினும் மேலாயது.

இந்நாளிலே சிலம்பம், கராத்தே முதலியன பயிலும் மாணாக்கர் பலர். அடிக்கும் முறையை அவர் விரைவிற் கற்பர். நிறுத்தும் முறையோ நெடுநாட் பழகுதற்குரியது. நாயனாரைப்போல உயிர்விடுக என்று சிறுவர்க்குப் போதித்தல் நம் கருத்தன்று. ஆசிரியர் நிறுத்துக என்றவுடன் நிற்றல், வீழ்ந்தவனை அடியாமை, மெலியாரிடத்து வலிமை காட்டாமை, எதிர்நின்று பயின்றவனுக்கு நேர்ந்த காயத்தைத் தன் காயம்போற் கருதுதல் என்னும் இவையே அவர்க்கு ஏற்ற விரதங்கள். இவற்றை ஆசிரியர் தம் நடையிற் காட்டினாலன்றி மாணாக்கர் கொள்ளார்.

புரட்டாசி உத்திராடம் நாயனார் குருபூசைத் தினமாகும். அன்று இச்சரித்திரத்தைப் படிப்பித்து, “வாளை எறியாது ஏந்தி நின்றது யார்பொருட்டு?” என்று மாணாக்கரை வினவுக. விடையை அவர்களே கண்டு கூறும்வரை பொறுத்திருக்க.