நாரும் பசையும்

ஆரியசாலையில் நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு புத்தக அலமாரி இருந்தது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய துகள் பலகையால் ஆனது. ஓர் இடவப்பாதி மழையில் சுவர் ஓதம் கண்டது. அலமாரியின் அடித்தட்டு உப்பி உதிர்ந்தது. பார்க்க வந்த ஆசாரி, “மரத்தைக் குறை சொல்லாதே தம்பி, பசை விட்டுப்போச்சு” என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

கூட்டுப்பொருள் என்பது யாது? வைக்கோல் கலந்த மண்சுவரை எண்ணிப் பாருங்கள். வைக்கோல் இழுவிசையைத் தாங்குகிறது. மண் வைக்கோலைப் பற்றி நிற்கிறது. ஒன்று நார், மற்றொன்று பசை. பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை, துகள் பலகை, நார்ப்பலகை யாவும் இவ்விரண்டின் கூட்டே.

காடுகளில் மரம் வெட்டுவதை உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின், மரத்திற்கு மாற்று தேடும் முயற்சி வலுப்பெற்றது. நம் நகரத்துப் பாப்பனங்கோட்டில் 1975இல் தொடங்கப்பெற்ற ஆய்வுக்கூடம், தென்னை நார், வாழை நார் ஆகியவற்றைப் பிசின்களோடு சேர்த்துக் கூட்டுப்பொருள் செய்வதை முன்னரே ஆராய்ந்திருந்தது. ஆலப்புழை அருகே கலவூரில் 1959 முதல் மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஆகவே நார் நமக்குப் புதிதன்று.

இடர்ப்பாடு பசையில் இருக்கிறது. மலிவான பலகைகளில் பெரிதும் சேர்வது யூரியா‑பார்மால்டிஹைடுப் பசை. அது ஈரத்தில் தளரும். பார்மால்டிஹைடு ஆவியையும் சிறிது சிறிதாக வெளிவிடும். அவ்வாவி புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முடிவு செய்தது. பீனால் பசை நீரைத் தாங்கும். ஆனால் விலை மிகுதி.

இங்கேதான் தேங்காய் மட்டை நம் கருத்தைக் கவர்கிறது. நாஞ்சில் நாட்டில் நாங்கள் அதனைக் கதம்பை என்போம். மரத்திற்கு விறைப்பைத் தருவது லிக்னின் என்னும் பொருள். சணலில் அது நூற்றுக்கு 12 பங்கு அளவே உண்டு. தென்னை நாரிலோ 40 பங்குக்கும் மேல். நாரைப் பிரித்தபின் எஞ்சும் சகிரிச்சோற்றிலும் அது நிறைய உண்டு. 140 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் லிக்னின் இளகும். அழுத்தத்தில் நாரோடு நாரைப் பிணைத்து இறுகும். அதாவது, மட்டை தன் பசையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது! முழு மட்டையையும் அரைத்து, வேறு பசை சேர்க்காமல், சூடான அழுத்தப் பொறியில் வலிய பலகை செய்யலாம் என நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். இதற்கு மட்டையைக் காயலில் பல மாதம் ஊறவைத்து அழுகவிடவும் வேண்டா, நீர்நிலை கெடாது.

குறைகளையும் கூறவேண்டும். தென்னை நார் எளிதில் அறாது. ஆனால் மிகவும் நீளும். ஆதலின் பெரும் பாரம் தாங்கும் உத்தரத்திற்கு இது ஏற்றதன்று; தரை, தடுப்பு, அலமாரி ஆகியவற்றிற்குத் தகும். சூட்டழுத்தப் பொறிக்கு முதல் மிகுதி. எல்லாவற்றினும் பெரிய தடை, மட்டையைத் திரட்டுதல். தென்னை நிறைந்த கேரளத்தின் கயிற்றுத் தொழிலே தமிழ்நாட்டு நாரை நம்பியிருக்கிறது. இங்கோ வீடுதோறும் உரித்த மட்டை அடுப்புக்கும் குப்பைக்கும் போகிறது.

எனவே இத்தொழிலின் எதிர்காலம் புதுப்புது நார்களைத் தேடுவதில் மட்டும் இல்லை. நல்ல பசையைக் காண்பதிலும், சிதறிக் கிடப்பதைத் திரட்டுவதிலும் இருக்கிறது. முன்னது வேதியியல் மாணவர் வேலை. பின்னது வணிகவியல் மாணவர் வேலை. நம் சங்கத்தில் இரு சாராரும் இருக்கிறோம். அடுத்த முறை சாலைக் கடைத்தெருவில் இளநீர் குடித்துவிட்டு மட்டையை எறியும்போது, நண்பர்களே, ஒரு கணம் நின்று அதனைப் பாருங்கள். நாம் எறிவது நாரை மட்டுமன்று, பசையையுந்தான்.