மூட்டுவலி மாத்திரையும் இரத்தம் உறைதலும்

மரப்பட்டையைச் சீவியதும் வழியும் பால், சில மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடுகின்றது. பால்குழாய்களின் வாய் அடைபடுவதே அதற்குக் காரணமாகும். பட்டையில் எத்திஃபோன் மருந்தைப் பூசினால் அடைப்புத் தாமதமாகி, பால் கூடுதல் நேரம் வடியும். சீவுவோர் யாவரும் அறிந்த செய்தி இது. மூட்டுவாதத்திற்காக நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவும் நம் இரத்தத்தில் ஏறத்தாழ இதனையே செய்கின்றன.

காயம் பட்டவுடன் இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கின்றன. பிற தட்டணுக்களை அழைப்பதற்கு அவை திராம்பாக்சேன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. மூட்டில் வலியும் வீக்கமும் தரும் புராஸ்டகிளாண்டினும் இதுவும் ஒரே வகை நொதியால் உருவாகின்றவை. புராஸ்டகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கின்றது என்பதை 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் வேன் என்னும் அறிவியலாளர் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நொதி முடங்கும்போது வலி தணிகின்றது. காயம் அடைபடும் வேகமும் உடன் குறைகின்றது.

எல்லா மாத்திரைகளும் ஒரே தன்மையன அல்ல. ஆஸ்பிரின் தட்டணுவின் நொதியை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகின்றது. உட்கரு இல்லாத தட்டணுவால் புதிய நொதியை ஆக்கிக்கொள்ள இயலாது; 7 முதல் 10 நாள் வரையுள்ள தன் ஆயுள் முழுவதும் அது அப்படியே கிடக்கும். ஐபுபுரோஃபென் அத்தகையதன்று, நிறுத்திய ஏறத்தாழ ஒரு நாளில் தட்டணுக்கள் பழைய நிலையை அடைகின்றன. செலிகாக்சிப் தட்டணுக்களைத் தடுப்பதில்லை. அதனாலேயே அது தீங்கற்றது என்று கொள்ளலாகாது. அதே இனத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுவதாகத் தெரியவந்து 2004இல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நாம் பெரிதும் அஞ்சவேண்டியது இரைப்பையைப் பற்றியே. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், மெபெனமிக் அமிலம் ஆகியவை அங்குப் புண்ணையும் உண்டாக்கக்கூடும். புண் உண்டாகி, அதை அடைக்கும் ஆற்றலும் குன்றினால் இரத்தம் உள்ளேயே கசியும். வலி ஏதும் தோன்றாமலும் இது நேரும். மலம் தார்போல் கறுத்தாலோ வாந்தியில் இரத்தம் கண்டாலோ விடியும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வார்ஃபரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

காய்ச்சல் வந்து டெங்கி என்ற ஐயம் இருப்பின் இம்மாத்திரைகளைத் தவிர்த்தல் வேண்டும். டெங்கி தட்டணுக்களின் எண்ணிக்கையையே குறைத்துவிடும். அப்போது பாராசித்தமோலை மட்டும், சொல்லப்பட்ட அளவுக்கு மிகாமல் உட்கொள்ளலாம்.

இதயநோய்க்கென மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை, இதைப் படித்துவிட்டு, நாமாக நிறுத்திவிடக் கூடாது. அதன் பயனே தட்டணுக்களைத் தடுப்பதில்தான் இருக்கின்றது. அதற்கு முன்பாக ஐபுபுரோஃபெனை விழுங்கினால் ஆஸ்பிரின் வேலை செய்யாமற் போகலாம்.

பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ செல்லும்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையே கையோடு எடுத்துச் சென்று காட்டலாம். மூட்டுவலிக்கென வாங்கிய ஜாமு பொட்டலத்தையும் மறைக்க வேண்டா. அத்தகைய சரக்குகள் சிலவற்றில் வலிநிவாரணியும் ஸ்டீராய்டும் இரகசியமாகக் கலந்திருந்தது மலேசியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.