போர்வெல் தர்மத்துக்கு முன் ஒரு கணக்கு



மறைந்த பெற்றோரின் பெயரால் ஒரு போர்வெல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் நம் அறக்கட்டளையில் ஆண்டுதோறும் உண்டு. தண்ணீர் தர்மம் சிறந்த ஸதகத்துல் ஜாரியா என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புதுப் போர் போட்டதால் பக்கத்துத் தெருக் குழாய் வற்றினால்?

ஃபிக்ஹு நூல்களில் 'ஹரீம்' என்றொரு பாடம் உண்டு. தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், அதைச் சுற்றி 40 முழத்துக்குள் மற்றவர் தோண்டக் கூடாது என்பது ஹனஃபி சட்டம். முதல் கிணற்றின் ஊற்று குறையக் கூடாதல்லவா? நம் கோவைப் பகுதியில் அந்த 40 முழமும் போதாது. இங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கிறது. வெடிப்பு எங்கே போகிறதோ அங்கிருந்தெல்லாம் போர் இழுக்கும். வெடிப்பே இல்லையென்றால் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் பறக்கும்.

அரசு இதைப் பகுதி வாரியாகக் கணக்கிடுகிறது. ஓராண்டில் ஊறி, எடுக்கத்தக்கதாக இருக்கும் நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு. 90ஐத் தாண்டினால் அபாயம். 100ஐத் தாண்டினால் 'அதிநுகர்வு'. அதாவது வரவுக்கு மேல் செலவு. நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட பகுதிகள் பல. 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்வதும் இதற்காகத்தான். குளம் நிறைந்தால் அக்கம்பக்கக் கிணறுகள் ஊறும்.

வீட்டிலும் வரவு உண்டு. 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 55,000 லிட்டர். சிந்தியது போக 40,000 லிட்டராவது மண்ணுக்குள் இறக்கலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகள் பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கின்றன. ஒரு நாள் கூலி கொடுத்தால் சுத்தமாகிவிடும்.

எனவே இனி போர்வெல் மனு தருபவர்கள், அருகிலுள்ள போரின் நீர்மட்டத்தையும் எழுதித் தாருங்கள். இரவு முழுக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, ஃபஜ்ருக்குப் பின் கயிற்றில் கல் கட்டி இறக்கி அளக்க வேண்டும். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை. மட்டம் ஏறவில்லை என்றால், அதே பணத்தில் பள்ளிவாசலின் வற்றிய போருக்கு மாடி நீரை மணல், ஜல்லி வழியாக வடிகட்டி இறக்கித் தருவோம். சாக்கடை நீரோ ரோட்டு நீரோ அதில் ஒரு சொட்டும் சேரக் கூடாது. சேர்ந்தால் ஊரார் குடிக்கும் ஊற்றே கெடும்.